பந்தலின் நாலாவது முனை

விபூதிப் புதனன்று காலைப் பூசை முடிந்து வந்த மௌரீன் ஆன்ட்டி, மாடிப்படியில் பாதி ஏறியவள், என்ன நினைத்தாளோ, நின்று திரும்பி, "தாரணி, இங்க வாம்மா" என்று கூப்பிட்டாள். நெற்றியில் சாம்பலால் இட்ட சிலுவை. கையில் ஜெபமாலை. வாசலில் ஒரு பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த தாரணியின் கை அப்படியே நின்றுவிட்டது. மௌரீன் ஆன்ட்டி கூப்பிட்டால் அது திட்டுவதற்குத்தான். காக்ஸ் டவுனில் அந்தத் தெரு முழுக்க அது தெரியும். மோட்டார் போட்டு மறந்தால் திட்டு. கேட்டைத் தாழ் போடாவிட்டால் திட்டு. கீழ்வீட்டில் பிள்ளைகள் கத்தினால் திட்டு, கத்தாமல் இருந்தாலோ, "என்ன, தூக்க மருந்து கிருந்து ஊத்திட்டியா புள்ளைங்களுக்கு?" என்று அதற்குத் தனியாக ஒரு திட்டு. தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் வேகம் பிடித்து, இங்கிலீஷில் முடியும். எழுபதை நெருங்கும் வயதிலும் அந்தத் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை.

"ஈஸ்டர் வரைக்கும் நான் யாரையும் திட்டப் போறதில்ல" என்றாள் மௌரீன் ஆன்ட்டி.

தாரணி துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஏன் ஆன்ட்டி, ஒடம்பு சரியில்லையா?" என்றாள்.

"தபசு காலம்மா. வருஷா வருஷம் ஏதாவது ஒண்ண விடணும் இல்ல? போன வருஷம் கறிய விட்டேன். அதுக்கு முன்னால காப்பிய விட்டேன்."

காப்பியை விட்ட வருஷம் தாரணிக்கு மறக்குமா? அந்தத் தவக்காலம் முழுக்கத் திட்டு இரட்டிப்பாக வந்தது.

"இந்த வருஷம் ஃபாதர் சொல்லிட்டாரு. மௌரீன், நீ கறிய விட்டா கோழிக்குத்தான் லாபம், வாய விடு பாக்கலாம்னாரு. சரின்னுட்டேன். ஆனா பேச ஆரம்பிச்சா எனக்கு அது தானா வந்துடும். அதனால பேச்சே வேணாம். நீ எங்கிட்ட எதுவும் கேக்காத. நானும் எதுவும் சொல்ல மாட்டேன். மோட்டார நீயே பாத்துக்க."

அவ்வளவுதான். முட்டியைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம்கூட அடக்கமாகக் கேட்டது.

தாரணியின் கண் சமையலறை ஜன்னலுக்குப் போனது. அங்கே காகிதக் கப்புகளில் சுரையும் பீர்க்கும் நாலு இலை விட்டு, போக்கிடம் இல்லாமல் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றன.

அவற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் செய்தவளே மௌரீன் ஆன்ட்டிதான். தாரணி அவள் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்து குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். அப்பா அம்மா இருவரும் ஆபீஸ் போகிற வீட்டுப் பிள்ளைகள், நடக்கப் பழகியதிலிருந்து பள்ளிக்கூடம் சேரும் வரை, பகல் முழுக்க அவளிடம்தான். வீடு சின்னது, வாசல்தான் பெரியது. அந்த வாசலை நம்பித்தான் காப்பகமே. விளையாட்டு, சாப்பாடு, பாட்டு எல்லாம் அங்கேதான். பக்கத்து மனையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. தீபாவளிக்கு அப்புறம் ஒரு நாள் அதை வெட்டி, மூன்றாம் நாள் அங்கே கம்பி வளைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்தவன் மரத்தடியில் இத்தனை வருஷம் ஓசியில் குடியிருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தாரணிக்கு உறைத்தது. பொங்கல் முடிவதற்குள் மேற்கு வெயில் வாசலில் விரித்த பாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. வாசல் முழுக்கக் கறுப்புக் கடப்பைக்கல். பன்னிரண்டு மணிக்குமேல் அதில் கால் வைக்க முடியாது. ஸ்னேஹாவின் மகள் மிதுனா, மூன்று வயது, பந்தைத் துரத்திக்கொண்டு வெறுங்காலில் ஓடிப்போய் உள்ளங்காலில் கொப்புளத்தோடு வீட்டுக்குப் போனாள். ஸ்னேஹா சத்தம் போடவில்லை. ஐ.டி. வேலை, கோயம்புத்தூர்ப் பெண், மரியாதை தெரிந்தவள். "அக்கா, ஜனவரியிலயே இப்படின்னா ஏப்ரல்ல எப்படிக்கா? ஏ.சி. வெச்ச எடம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கோம். எனக்கு உங்கள விட மனசில்ல" என்றாள். மற்ற அம்மாக்கள் எல்லாம் ஸ்னேஹா எங்கே போகிறாளோ அங்கே போகிறவர்கள்.

அன்றைக்கே தாரணி ஒரு முடிவுக்கு வந்தாள். மரம் வளர்க்க நேரமில்லை. கொடிக்கு நேரம் இருக்கிறது. மாசியில் நட்டால் பங்குனி கடைசிக்குள் பந்தல் மூடிவிடும். வேலூர்ப் பக்கம் வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை. விதையை ஊறப்போட்டுவிட்டு, மாடிக்குப் போய், மேற்குச் சுவரோரம் கொஞ்சம் கல்லை எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள்.

"கல்லுல கைய வெச்ச, கை இருக்காது" என்றாள் மௌரீன் ஆன்ட்டி. "அங்க ஒரு கொய்யா மரம் இருந்துச்சு, தெரியுமா உனக்கு? அதோட வேரு போய் சம்ப்ப ஒடச்சிருச்சு. சாக்கடைத் தண்ணி உள்ள போயி, என் வீட்டுக்காரரு க்ளென் மஞ்சக்காமாலைல எலும்பா ஆனாரு. எழுந்து நடந்ததும் அவரு செஞ்ச மொத வேலை, மரத்த வெட்டிட்டு இந்தக் கல்லப் போட்டதுதான். அவரு போயாச்சு, கல்லு இருக்கு. இருக்கட்டும்."

சம்ப் என்பது வாசலுக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. வடகிழக்கு மூலையில், மாடி பால்கனிக்கு நேர் கீழே, இரும்பு மூடியோடு இருக்கிறது. மேற்குச் சுவருக்கும் அதற்கும் நடுவே வாசல் முழுவதும் கிடக்கிறது. சுரைக்கொடி வேர் அவ்வளவு தூரம் போகவே போகாது. இதைச் சொல்ல தாரணி வாயைத் திறந்தபோது மௌரீன் ஆன்ட்டி கன்னடத்துக்கு மாறியிருந்தாள். கன்னடத்துக்கு மாறிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

இப்போது அந்த வாய்க்கு ஈஸ்டர் வரை பூட்டு. எதுவும் கேட்காதே என்றுதானே சொன்னாள்? செய்யாதே என்று சொல்லவில்லையே.

தாரணியின் கணவன் ராஜேஷ்குமார் ஐ.டி. கம்பெனிக்கு இரவு கேப் ஓட்டுகிறவன். வீட்டுக்கு வந்து பல் துலக்கிக்கொண்டே விஷயத்தைக் கேட்டான். துப்பிவிட்டுச் சொன்னான்: "அந்த வாய் ஈஸ்டர் அன்னிக்குத் திரும்பி வரும்டி. வட்டியோட வரும்."

"வரட்டுமே. அதுக்குள்ள கொடி ஏறிடும்."

"ஏறினத அறுக்கச் சொன்னா?"

"ஏறாத கொடிய அறுக்கறது சுலபம். பூ விட்ட கொடிய அறுக்க யாருக்கும் கை வராது. கடப்பாரை எங்க இருக்கு?"

மறுநாள் பிள்ளைகளை உள்ளே தூங்கவைத்துவிட்டு, தாரணியும் அவளுக்கு உதவியாக இருக்கும் சின்னத்தாயியும் வாசலுக்கு வந்தார்கள். சின்னத்தாயி லிங்கராஜபுரத்துக்காரி. யாருக்கும் பயப்படாதவள், மேல்வீட்டு அம்மாவைத் தவிர. "தாரணிம்மா, வேணாம்மா. இன்னிக்கு வாய மூடிக்கினு கீது. நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் மூட்ட கட்டி அனுப்பிடும்" என்று புலம்பிக்கொண்டே கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்தாள். முதல் கல் அசையவில்லை. க்ளென் அங்கிள் போட்ட கல், சும்மா வருமா? தாரணி சேலையைத் தூக்கிச் செருகி, குதிகாலைப் பக்கத்துக் கல்லில் ஊன்றி, மூச்சைப் பிடித்து நெம்பினாள். கல் முனகியது. ஒரு விரல் அளவு எழும்பியது. இடைவெளியில் சின்னத்தாயி செங்கல்லைத் தள்ளினாள். இரண்டு கல் பழுதில்லாமல் வந்தன. மூன்றாவது கல் பாதி எழும்பி, "டப்" என்று நடுவில் விண்டது.

மாடி ஜன்னல் திறந்தது.

"யேசு மரி சூசையே!"

அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ஜன்னலில் மௌரீன் ஆன்ட்டியின் முகம் சிவந்து, கன்னம் உப்பி, பிரஷர் குக்கர் விசிலுக்கு முன்னால் நிற்பதுபோல நின்றது. கை மட்டும் நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோளுக்கும் சிலுவை போட்டது. ஜன்னல் சாத்திக்கொண்டது. சின்னத்தாயி கதவுக்குப் பின்னால் இருந்து மெல்ல எட்டிப்பார்த்தாள். "போயிடுச்சா?"

"போயிட்டாங்க. வா, இன்னும் மூணு கல்லு கீது" என்றாள் தாரணி. அவளுக்கே அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது.

கல்லை எடுப்பது பாதி வேலைகூட இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அடியில் இருந்தது மண்ணே அல்ல. சிமெண்ட் கட்டி, ஓட்டுச்சில்லு, ஆணி, யாரோ எந்தக் காலத்திலோ உடைத்த கண்ணாடி. ஒரு புழு இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கொடியை வைத்தால் அது பயந்து செத்துவிடும். தாரணி முழங்கால் ஆழம் தோண்டி, எல்லாவற்றையும் சல்லடையில் சலித்து, கண்ணாடியைப் பொறுக்கி எறிந்தாள். தெருமுனையில் இளநீர் விற்கிறவரிடம் காலி மட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து குழியின் அடியில் கவிழ்த்து அடுக்கினாள். ஊற்றுகிற தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பால்காரர் முனியப்பனிடம் காய்ந்த சாணம் வாங்கினாள். காலையில் தெரு பெருக்கும் அம்மாவிடம் போய், "அக்கா, எலெ கொடி" என்று தனக்குத் தெரிந்த கன்னடத்தில் இலை கேட்டாள். கொளுத்துவதற்காகக் குவித்து வைத்திருந்த சருகு மூட்டை மூட்டையாக வந்தது. ரோட்டோர மரங்கள் எல்லாம் இலையை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்துக்கொண்டிருந்த காலம். சருகோடு பூவும் கலந்து வந்தது. பிள்ளைகள் அதை அள்ளி அள்ளிக் குழியில் போட்டார்கள். பாதி குழிக்குள் விழுந்தது, மீதி ஒருவர் தலையில் ஒருவர் போட்டுக்கொண்டார்கள். குழிக்கு மேலே ஈரம் காயாமல் இருக்க இன்னும் ஒரு சாண் உயரம் சருகு. பார்க்க எரு மேடு மாதிரி இருந்தது. தாரணிக்கு அது அழகாகத் தெரிந்தது.

நாற்று நட்ட மூன்றாம் நாள் மிதுனா ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "வேர் இருக்கான்னு பாத்தேன் மிஸ்" என்றாள். "இருக்கா?" என்று தாரணி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "இருக்கு." "அப்ப திரும்பப் படுக்க வை. போர்வை போத்து." அன்றிலிருந்து தூங்கப் போகும் முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு செடிக்கு ஒரு கை சருகு போர்த்திவிட்டுப் போனது. கை கழுவுகிற தண்ணீர், அரிசி களைகிற தண்ணீர், கால் அலம்புகிற தண்ணீர் எல்லாம் டப்பில் பிடித்துச் செடிக்குப் போயிற்று. காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற ஊரில் குழாயைத் திருப்பிச் செடிக்கு விட்டால், மௌரீன் ஆன்ட்டி சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லும்.

ஆனால் தாரணி எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மேலே இருந்து திட்டு வராமல் போகவும், வீட்டில் பல காரியங்கள் தடுமாறின. மோட்டாரை மறந்தாள், டேங்க் நிரம்பி வழிந்து சுவர் நனைந்தது, சொல்ல ஆள் இல்லை. காஸ் வண்டி வந்து தெருவோடு போய்விட்டது. கேட் திறந்து கிடந்து, ஒரு மாடு உள்ளே வந்து ஒரு பீர்க்கங்கொடியை நுனியிலிருந்து நிதானமாகத் தின்றது. மாடி ஜன்னலில் மௌரீன் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தாள். வாயை முந்தானையால் பொத்தியிருந்தாள். மாடு தின்பதைப் பார்த்தும் பேசவில்லை என்றால், அது கோபமா, சந்தோஷமா? தாரணிக்குத் தெரியவில்லை. திட்டு வாங்கும்போது ஒரு வசதி இருந்தது. எங்கே நிற்கிறோம் என்று தெரியும். இது இருட்டில் படி இறங்குவதுபோல இருந்தது. அடுத்த அடியில் படி இருக்குமோ, இருக்காதோ?

அதற்காக அவள் நிற்கவில்லை. கொடி ஏற ஏறப் பந்தல் போட்டாள். மேற்குச் சுவரோரம் இரண்டு மூலைகளிலும் சவுக்குக் கம்பு நட்டாள். மூன்றாவது முனையைச் சமையலறை ஜன்னலுக்கு மேலே இருந்த பழைய விளக்குக் கொக்கியில் கட்டினாள். நடுவே கட்டுக்கம்பியும் நைலான் கயிறும் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. நாலாவது முனைதான் வினை. அது சரியாக சம்ப் இருக்கும் மூலை. அங்கே கம்பு நடத் தோண்டினால் மௌரீன் ஆன்ட்டி பயந்தது நடந்துவிடும். தாரணி அதை மட்டும் செய்ய மாட்டாள். அந்த மூலைக்கு மேலே கயிறு கட்ட ஒரே இடம் மாடி பால்கனியின் இரும்புக் கிரில். அதைக் கேட்க வேண்டும். கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவளிடம் எப்படிக் கேட்பது? கல்லை எடுத்ததுபோல இதையும் கேட்காமல் செய்ய முடியாது. கிரில் அவள் வீட்டுக்குள்ளே அல்லவா இருக்கிறது? தாரணி பெயின்ட் பக்கெட் ஒன்றில் ஜல்லியை நிரப்பி, அதில் ஒரு கம்பை நிறுத்தி, நாலாவது முனையை அதில் கட்டினாள். சின்னக் காற்றுக்கே அது தள்ளாடியது. பிள்ளைகள் சாப்பிட உட்காருவது அந்தப் பக்கம்தான்.

பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள், பக்கத்துக் கட்டடத்தில் பூச்சு வேலை செய்தவர்கள் சிமெண்ட் பாலை அப்படியே சுவரைத் தாண்டி ஊற்றினார்கள். கம்பில் ஏறிக்கொண்டிருந்த இரண்டு சுரைக்கொடிகள் சாம்பல் நிறமாக நனைந்து நின்றன. தாரணி பதறிப்போய் ஒவ்வொரு இலையாகக் கழுவினாள். மேஸ்திரியைக் கூப்பிட்டாள். அவன் நிதானமாக உள்ளே வந்து, பால்கனி ஓரத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, பீடியைப் பற்றவைத்தான்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம். கொஞ்சம் பொறுத்துக்கங்க. செடிதானே? இன்னொண்ணு வெச்சுக்கங்க."

"புள்ளைங்க இருக்கற எடம். மேல விழுந்தா என்ன ஆகும்? தார்ப்பாய் கட்டிட்டு வேலை செய்ங்க."

"ஆயித்து, ஆயித்து." சரி, சரி என்று கையை ஆட்டினான். ஈ ஓட்டுவதுபோல. "ஓனர் அம்மா ஒண்ணும் சொல்லல. நீங்க ஏன் கூவறீங்க?"

அவன் சொல்லி முடிக்கவில்லை. மேலேயிருந்து ஒரு பக்கெட் தண்ணீர், வீடு துடைத்த பினாயில் தண்ணீர், மொத்தமாக அவன் தலையில் இறங்கியது. பீடி அணைந்தது. மேஸ்திரி அண்ணாந்து பார்த்தான். பால்கனியில் மௌரீன் ஆன்ட்டி, கவிழ்த்த பக்கெட்டோடு, உதட்டை இறுக மூடிக்கொண்டு, மாதா சொரூபம்போல அசையாமல் நின்றாள். அவன் இரண்டு மூன்று முறை வாயைத் திறந்து பார்த்தான். பதிலுக்குத் திட்டாத ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? தலையை உதறிக்கொண்டே போனான். சாயந்திரத்துக்குள் சுவருக்கு அந்தப் பக்கம் நீலத் தார்ப்பாய் ஏறியது.

"வாய மட்டும்தானே விட்டுச்சு!" சின்னத்தாயிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கைய விடலயே, தாயே!"

தாரணி சிரிக்கவில்லை. அவளுக்கு என்னவோபோல இருந்தது. அந்தத் தண்ணீர் செடிக்காக ஊற்றியதா, பிள்ளைகளுக்காகவா, அல்லது இத்தனை நாளாக உள்ளே தேங்கியிருந்தது எங்கேயாவது ஊற்ற வேண்டுமே என்று ஊற்றியதா? எதுவாக இருந்தாலும், நாம் செய்தது மட்டும் என்ன? அந்த மேஸ்திரிகூட நேருக்கு நேர் வந்து நின்றான். நாமோ, ஒருத்தி தன் வாயைக் கட்டிப்போட்ட நேரம் பார்த்து அவள் கல்லைப் பெயர்த்தோம். கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். கதவைத் திறந்த மௌரீன் ஆன்ட்டி, அவளைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, சுவரில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைக் காட்டினாள்.

"தெரியும் ஆன்ட்டி. நீங்க பேச வேணாம். நான் சொல்லிடறேன். நீங்க திட்ட மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் கல்ல எடுத்தேன். அது தப்புத்தான். ஆனா செடிய எடுக்க மாட்டேன். ஈஸ்டர் அன்னிக்கு நான் கீழதான் நிப்பேன், எங்கயும் ஓட மாட்டேன். நீங்க திட்டறத எல்லாம் திட்டுங்க. அப்புறம் நான் ஒண்ணு கேப்பேன்."

மௌரீன் ஆன்ட்டியின் மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. கண் மட்டும் தாரணியின் கைக்கு இறங்கி, நகத்தில் மண் அடைந்திருந்த விரல்களைப் பார்த்தது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஜெபமாலை ஆரம்பமானது. சாதாரணமாகச் சொல்வதைவிட நாலு மடங்கு சத்தமாக.

குருத்து ஞாயிறன்று கோயிலிலிருந்து வந்த மௌரீன் ஆன்ட்டி, கீழ்வீட்டுக் கதவுப் பிடியில் தென்னங்குருத்தில் மடித்த ஒரு சிறு சிலுவையைச் செருகிவிட்டுப் போனாள். அது வருஷா வருஷம் செய்வதுதான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மீதிக் குருத்தோலையை வழக்கம்போல ஆண்டவர் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பாள். மந்திரித்த ஓலையை அவர்கள் குப்பையில் போட மாட்டார்கள்.

அந்த வாரம் வியாழக்கிழமை நடுப்பகலில் ஸ்னேஹா வந்தாள். மிதுனாவை அழைத்துப்போக வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நடந்து பார்த்தாள். மேற்குப் பக்கம் கொடி நன்றாக மூடியிருந்தது. இலைக்கு இலை இடைவெளியில் காசு காசாக வெயில் விழுந்து ஆடியது. "சூப்பரா இருக்குக்கா" என்றாள். பிறகு சம்ப் மூலைக்கு வந்தாள். அங்கே பந்தல் தொய்ந்து, கம்பு சாய்ந்து, கொடி பாதியில் நின்றிருந்தது. குனிந்து கல்லை உள்ளங்கையால் தொட்டவள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"இங்கதானேக்கா சாப்பிட உக்காருவாங்க?"

"மூடிடும் ஸ்னேஹா. இன்னும் கொஞ்ச நாள்."

"அந்த எடத்துல திங்கட்கிழமைதான் அட்மிஷன் கடைசி." ஸ்னேஹா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "திங்கட்கிழமை காலைல இவள இங்கதான் கூட்டிட்டு வருவேன். பாத்துட்டு முடிவு பண்றேன்கா. தப்பா நெனைக்காதீங்க."

சனிக்கிழமை சாயந்திரம் கோடையில் மாங்காய் பழுக்கும் முன் பெய்கிற மாங்காய் மழைக்கான காற்று கிளம்பியது. மழை நாலு துளிதான். காற்று மட்டும் தெருவையே பெருக்கியது. தாரணி ஓடி ஓடிக் கட்டினாள். நாலாவது கம்பை நிமிர்த்தி, பக்கெட்டில் இன்னும் ஜல்லி போட்டு, மேலே ஒரு அம்மிக்கல்லையும் ஏற்றினாள். உள்ளே திரும்பும் முன் கம்பு மறுபடி சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினாள். ராஜேஷ்குமார் வண்டிச் சாவியோடு நின்று பார்த்தான். "விடேன்டி. விழறது விழத்தான் செய்யும்."

"விழட்டும். விழுந்தா நாளைக்குத் திரும்பக் கட்டுவேன். நாளைக்குக் கேட்டுட்டுக் கட்டுவேன்" என்றாள் தாரணி. தலையெல்லாம் தூசி. உள்ளங்கை கயிறு அறுத்துச் சிவந்திருந்தது.

ஈஸ்டர் காலையில் எழுந்ததும் குளித்து, நல்ல சேலை கட்டி, திட்டு வாங்குவதற்குத் தயாராகத் தாரணி வாசலுக்கு வந்தாள். பூசைக்குப் போன மௌரீன் ஆன்ட்டி இன்னும் திரும்பவில்லை. முதலில் கண்ணில் பட்டது கம்பு. அது தரையில் நீளமாகக் கிடந்தது. பக்கெட் உருண்டு கேட் வரை போயிருந்தது. ஜல்லியும் அம்மிக்கல்லும் வாசலில் சிதறிக் கிடந்தன. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தாள். குனிந்து கம்பை எடுக்கப் போனபோதுதான் ஒன்று உறைத்தது. கம்பு கீழே கிடக்கிறது. அவள் நிழலில் நிற்கிறாள். நிமிர்ந்து பார்த்தாள். பந்தல் விழவில்லை. தொய்வுகூட இல்லாமல், நாலாவது முனை முன்னைவிட உயரமாக, இழுத்துக் கட்டிய பாய்மாதிரி நின்றது. கயிற்றை ஒட்டியே கண்ணை ஓட்டினாள். அது மேலே போனது. பால்கனிக் கிரிலில், துணி காயப்போடுகிற பச்சை நைலான் கயிற்றோடு சேர்த்து, மூன்று முடிச்சாக இறுக்கிக் கட்டியிருந்தது. ஆதாரம் தேடித் தவித்துக்கொண்டிருந்த கொடியின் நுனியையும் யாரோ எடுத்துக் கிரில் கம்பியில் வைத்து, கொடி நசுங்காமல், கிழித்த குருத்தோலையால் ஒரு சின்னக் கட்டு போட்டிருந்தார்கள்.

கேட் கிறீச்சிட்டது. வெள்ளைப் பட்டுச் சேலையில் மௌரீன் ஆன்ட்டி உள்ளே வந்தாள். உருண்டு கிடந்த பக்கெட்டைப் பார்த்தாள். ஜல்லியைப் பார்த்தாள். சுவரோரம் அடுக்கி வைத்திருந்த கற்களையும், அதில் உடைந்த ஒன்றையும் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். தாரணி கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். ஓடவில்லை. மௌரீன் ஆன்ட்டி மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

"ஏம்மா தாரணி, உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? காத்தடிக்கற காலத்துல பெயின்ட் பக்கெட்டுல கம்பு நட்டுப் பந்தல் போட்ட மொத ஆளு உலகத்துலயே நீதான்! புள்ளைங்க தலையில விழுந்திருந்தா? கேட்ட தொறந்து போட்டு மாட்ட உள்ள விட்டியே, அது உன் சொந்தக்காரனா? டேங்க் வழிஞ்சு என் செவுரு ஊறிப்போச்சு! க்ளென் தூக்கிப் போட்ட கல்லு, எரும மாதிரி நெம்பி ஒடச்சிருக்க! ஒரு வேரு, ஒரே ஒரு வேரு அந்த சம்ப்புப் பக்கம் திரும்பட்டும், அன்னிக்கு இருக்கு உனக்கு…"

என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. அதற்குள் கன்னடம் வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பால்கனியில் யாரோ காப்பி டம்ளரோடு வந்து நின்று, "ஈஸ்டர் ஆயிடுச்சு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்கள். கேட்க வேண்டும் என்று தாரணி வைத்திருந்த கேள்விக்கு இப்போது வேலை இல்லை. அவள் மௌரீன் ஆன்ட்டியின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று இன்னும் முழுக்க அடங்கவில்லை. இரவில் விரிந்த வெள்ளைச் சுரைப்பூக்கள் ஆடின. பந்தல் ஒரு முறை எழும்பி, நாலு முனையிலும் இழுபட்டு, மெல்ல இறங்கியது. கிரிலில் குருத்தோலைக் கட்டின் நுனி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. கட்டு அவிழவில்லை.